முறையீடும் அனுமதியும்: பொழியூர் எல்லைப்புறத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரு சொல் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் கடலையொட்டி அமைந்த ஊர் பொழியூர். அதற்கடுத்த கடற்கரை ஊரான நீரோடி தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றுநீரோ காயல்நீரோ மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் இடம் பொழி எனப்படும். ஆண்டு முழுதும் திறந்திருக்கும் முகத்துவாரத்தை அழி என்றும், பருவத்துக்குப் பருவம் அடைபட்டுத் திறப்பதைப் பொழி என்றும் பிரித்துரைப்பது மலையாளக் கடற்கரை வழக்கு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எனினும் அது கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையில் மாநில எல்லை ஓடுகிறது.

அந்த எல்லை நீதிமன்றங்களுக்கும் எல்லை. நீரோடியில் நிகழ்ந்த குற்றம் குழித்துறை, நாகர்கோவில் நீதிமன்றங்கள் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். 2004 ஜூலை முதல் அதன் மதுரைக் கிளைக்குச் செல்கிறது. பொழியூரில் நிகழ்ந்த குற்றம் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வழியாக எர்ணாகுளத்துக்குச் செல்லும். முன்னதன் சாட்சியம் தமிழிலும் பின்னதன் சாட்சியம் பெரிதும் மலையாளத்திலும் பதிவாகின்றன. இரண்டும் தில்லியில் ஆங்கிலமாகின்றன. இந்த ஏற்றத்தின் கடைசிப் படியில் நிற்பது மேல்முறையீடு அன்று. மேல்முறையீடு செய்வதற்கு அனுமதி கேட்கும் மனு. இவ்விரண்டும் சட்டத்தில் வேறுவேறு. வழக்குத் தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த மயக்கம் எவ்வாறு தோன்றியது என்பதும் அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதும் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை.

‘மேல்முறையீடு’ என்னும் தொடரின் உயிர்ச்சொல் முறை. ஒழுங்கு, உரிமை, நீதி என்னும் பொருள்கள் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. முறை செய்தல் அரசன் கடமை. முறையிடுதல் குடியின் உரிமை. வேள்விக்குடிச் செப்பேடு இதற்குத் தக்க சான்று. கி.பி. எட்டாம் நூற்றாண்டில், களப்பிரர் காலத்தில் தம் முன்னோர் இழந்த ஊரைக் கேட்டு ஒருவர் கூடல் நகரில் பாண்டிய வேந்தன் முன் குரலெழுப்புகிறார். வேந்தன் சான்று காட்டுக என்கிறான். அவர் காட்டுகிறார், ஊர் திரும்பக் கிடைக்கிறது. கேட்கலாமா என்று கேட்கும் ஒரு முன்கட்டம் அங்கே இல்லை. மனுநீதிச் சோழன் கதையில் வரும் ஆராய்ச்சி மணியும் அத்தகையதே: பசுவும் இழுக்கலாம். அச்சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையுண்டு. அவ்வளாகத்திலிருந்து மேலே செல்லும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை அனுமதி பெற்றே செல்ல வேண்டியவை என்பதைச் சிலையைப் பார்ப்போர் நினைத்துக்கொள்வதில்லை.

அனுமதி என்னும் கட்டம் ஆங்கில ஆட்சியோடு வந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு அமைந்தது. அது கோட்பாட்டளவில் நீதிமன்றமே அன்று. அரசருக்கு ஆலோசனை கூறும் குழு. பேரரசின் எந்த மூலையிலிருந்தும் குடிமகன் தன் அரசரிடம் மன்றாடலாம். அரசர் அருள்கூர்ந்து கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். ஆகவே வாயிலில் வைக்கப்பட்ட சொல் ‘லீவ்’ என்பதாயிற்று. குற்றவழக்குகளில் இவ்வாயில் மிகக் குறுகலானது. பிரித்தானிய ஹொண்டுராஸைச் சேர்ந்த டில்லெட் என்னும் வழக்குரைஞரின் வழக்கில் 1887இல் நீதிக்குழு ஓர் அளவுகோலை வகுத்தது. சட்டமுறைகள் புறக்கணிக்கப்பட்டோ இயற்கை நீதியின் கொள்கைகள் மீறப்பட்டோ, கணிசமான, கடுமையான அநீதி இழைக்கப்பட்டிருந்தாலன்றிக் குற்றவழக்கில் தலையிடுவதில்லை என்பதே அது. தீர்ப்புத் தவறு என்று காட்டினால் போதாது. தவறு எந்த அளவினது என்று காட்ட வேண்டும்.

‘அப்பீல்’ தமிழில் கடன்சொல்லாக வேரூன்றியது. ‘வக்காலத்து’, ‘ஜாமீன்’, ‘வாய்தா’ ஆகியவற்றோடு அதுவும் எழுத்தறியாதார் நாவிலும் புழங்கியது. ஆனால் ‘லீவ்’ அவ்வாறு நுழைய இயலவில்லை. அந்த ஒலிவடிவத்தைப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் முன்னரே கைக்கொண்டுவிட்டன. தமிழில் ‘லீவு’ என்றால் விடுமுறை மட்டுமே. ஒரு கடன்சொல்லின் இடம் வேறொரு பொருளால் நிரம்பியிருந்தால் அதே வடிவம் இரண்டாம் பொருளோடு மீண்டும் கடனாவது அரிது. ஆகவே அனுமதி என்னும் கட்டத்துக்குப் பேச்சுத்தமிழில் பெயரே அமையவில்லை. பெயரில்லாத கட்டத்தைப் பெயருள்ள கட்டம் விழுங்கிற்று. மனுவும் அப்பீல், அதன்மேல் நடக்கும் விசாரணையும் அப்பீல். எழுத்துத்தமிழ் பின்னர்ச் ‘சிறப்பு அனுமதி மனு’ என்று ஒரு தொடரை ஆக்கிக்கொண்டது. அது வழக்கறிஞர் அறைக்கு வெளியே இன்றும் முழுமையாக வந்துசேரவில்லை.

பொழியூர்ப் பகுதியில் வரலாறு வேறு வழியில் சென்றது. நெய்யாற்றின்கரை திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டது. அங்கே கர்னல் மன்றோ 1811 முதல் நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தினார். 1814இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 1861இல் சதர் நீதிமன்றமும், 1887இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்றமும் அமைந்தன. அவற்றுக்கு மேலே லண்டன் இல்லை. சுதேச மன்னராட்சியின் நீதிமன்றங்களிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வழக்குச் செல்லாது. இறுதிச் சொல் மன்னருடையது. அவரிடம் செல்லும் தாளுக்கு மலையாளம் வைத்த பெயர் சங்கட ஹர்ஜி. ஹர்ஜி அரபு–பாரசீக வழி வந்த சொல், தமிழில் அர்ஜி. முன்னொட்டாக நிற்கும் சங்கடம் துன்பத்தைக் குறிப்பது. அதாவது அத்தாள் சட்டத்தின் பிழையைக் காட்டவில்லை. மனுதாரரின் துயரைக் காட்டியது. முறையீடு நீதியைக் கேட்கும் சொல், சங்கட ஹர்ஜி இரக்கத்தைக் கேட்கும் சொல். ஒரே கடற்கரையில் இரண்டு மனப்பாங்குகள் இரண்டு சொற்களில் பதிந்தன.

இந்த வேறுபாடு ஓர் ஆளின் வாழ்வில் எவ்வாறு பொருள்படக்கூடும் என்பதற்கு இப்பகுதியினர் அனைவரும் அறிந்த வழக்கொன்று உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் திருவிதாங்கூர்க் குடிமகன். புகழ் பெற்றது சென்னையில். ‘இந்து நேசன்’ இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் கிருஷ்ணனும், அன்று தமிழ்த்திரையின் முதல் நட்சத்திரமாக விளங்கிய எம். கே. தியாகராஜ பாகவதரும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் பிறருடன் கைது செய்யப்பட்டனர். விசாரணை சென்னை உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸ் அமர்வில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரியுடன் நடந்தது. 1945 மே மாதம் நாயுடு விடுவிக்கப்பட்டார். கிருஷ்ணனுக்கும் பாகவதருக்கும் அக்காலத் தமிழ் ‘தீவாந்தர சிட்சை’ என்று அழைத்த ஆயுட்கால நாடுகடத்தல் விதிக்கப்பட்டது.

இங்கே சட்டநுணுக்கம் ஒன்று உண்டு. உயர் நீதிமன்றம் தானே முதல் விசாரணை நடத்திய குற்றவழக்குகளில் அதன் தீர்ப்பின்மேல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வுக்கு முறையிடும் வழியைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1943இல் சேர்க்கப்பட்ட 411ஏ பிரிவு அப்போதுதான் திறந்திருந்தது. சட்டப் பிழை என்றால் உரிமையாகச் செல்லலாம்; சாட்சியத்தின் மதிப்பீடு பற்றியது என்றால் அனுமதியோ நீதிபதியின் சான்றோ வேண்டும். அவ்வழியே சென்ற மேல்முறையீட்டை 1945 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளியது. எஞ்சியது லண்டன். பிரிவி கவுன்சில் வழக்கை எடுத்துக்கொண்டது; மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு சென்னைக்கே திருப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் இருவரையும் விடுதலை செய்தனர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. கிருஷ்ணன் திரைக்குத் திரும்பி மீண்டும் உயர்ந்தார். பாகவதரின் திரைவாழ்வு மீளவில்லை.

லண்டன் அவர்களை நிரபராதிகள் என்று கூறவில்லை. நாடறிந்த இவ்வழக்கு மக்கள் நினைவில் ‘லண்டன் வரை போய் விடுதலை வாங்கினார்கள்’ என்று சுருங்கிவிட்டது. உண்மையில் லண்டன் அளித்தது கேட்பதற்கான இசைவும், மீண்டும் கேட்குமாறு ஓர் ஆணையும் மட்டுமே. விடுதலை கிடைத்தது சென்னையில். மக்கள் வழக்கில் இரண்டு கட்டங்கள் ஒன்றாகியமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. அக்குற்றச்சாட்டு நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ எழுந்திருந்தால், திருவனந்தபுரத்து உயர் நீதிமன்றம் தள்ளிய பின் கிருஷ்ணனுக்கு எஞ்சியிருக்கக்கூடியது மன்னரிடம் கொடுக்கும் ஹர்ஜி ஒன்றே. திருவிதாங்கூர் சில விதிவிலக்குகள் நீங்கலாக மரண தண்டனையை 1944இலேயே கைவிட்ட அரசு. இரக்கத்தில் அது பிரித்தானிய இந்தியாவுக்குக் குறைந்ததன்று. ஆனால் இரக்கம் தண்டனையைக் குறைக்கும். குற்றத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணை தருவது வேறொன்று.

1949இல் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் இந்தியாவில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குச் சென்றது. 1950 ஜனவரி 26 முதல் பொழியூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே உச்சி அமைந்தது. அரசமைப்பின் 134ஆம் உறுப்பு சில குற்றவழக்குகளில் மேல்முறையீட்டை உரிமையாக்கியது: கீழ்நீதிமன்றம் விடுதலை செய்தவரை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி மரண தண்டனை விதித்தால், அல்லது வழக்கைத் தானே எடுத்துக்கொண்டு விசாரித்து அவ்வாறு விதித்தால், அவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றம் தகுதிச் சான்று அளித்தாலும் செல்லலாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை ஆயுள் தண்டனைக்கும் பத்தாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கும் விரித்தது. ஏனைய அனைத்துக்கும் 136ஆம் உறுப்பு: நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி அளிக்கும் சிறப்பு அனுமதி.

சொல் இங்கே தன் பழைய உடுப்பைக் களையவில்லை. 1950 மே மாதம் பிரீதம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வனுமதி விதிவிலக்கான சூழல்களிலேயே தரப்படும் என்றும், கணிசமான, கடுமையான அநீதி நேர்ந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. 1887இல் அரசரின் அருளுக்கு வரம்பு கட்டிய அதே அளவுகோல் குடியரசின் நீதிமன்றத்தில் அமர்ந்தது. அரசர் போய்விட்டார், அருளின் இலக்கணம் தங்கிவிட்டது. இதனைக் குறை என்றே கூறுவதற்கில்லை. நாடு முழுவதன் வழக்குகளையும் உரிமையாக ஏற்கும் நீதிமன்றம் எதையும் கேட்டு முடிக்காது. ஆயினும் மொழிபெயர்ப்பவர் அந்த இலக்கணத்தை அறிந்திருக்க வேண்டும்.

அறியாமையின் விளைவு ஒரு தலைப்புச் செய்தியில் தெரியும். சிறப்பு அனுமதி மனு காரணம் கூறாமல் மறுக்கப்படும்போது தமிழ் இதழ்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரு தொடர்கள் ‘மேல்முறையீடு தள்ளுபடி’, ‘தண்டனை உறுதி’ என்பன. இரண்டும் பிழை. 2000ஆம் ஆண்டில் குஞ்ஞாயம்மது எதிர் கேரள மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக விளக்கியது. அனுமதி மறுக்கப்பட்ட கட்டத்தில் மேல்முறையீடு என்பதே பிறக்கவில்லை. காரணமின்றி மறுக்கும் ஆணை கீழ்த்தீர்ப்பைத் தன்னுள் இணைத்துக்கொள்வதுமில்லை. அதனைச் சரியென்று ஒப்புவதுமில்லை. வாயில் திறக்கவில்லை என்பதே அதன் பொருள். அனுமதி கிடைத்த பின்னரே மனு மேல்முறையீடாக மாறுகிறது. அதன்பின் வரும் தீர்ப்பில்தான் கீழ்த்தீர்ப்பு கரைகிறது. அவ்வழக்கின் மூலப்பொருள் வனநிலம் பற்றியது. எனினும் அதன் விளக்கம் குற்றவழக்குக்கும் பொருந்தும்.

‘தள்ளுபடி’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. கணக்கில் கழிப்பது அதன் முதற்பொருள். துணிக்கடையில் அப்பொருளிலேயே இன்றும் நிற்கிறது. நீதிமன்றத் தமிழில் அது மனுவை ஏற்காமை, மேல்முறையீட்டை ஆராய்ந்து மறுத்தல், காலங்கடந்தமையால் நீக்குதல் ஆகிய எல்லாவற்றையும் தாங்குகிறது. மலையாளத்திலும் ‘தள்ளி’ என்னும் வினை இத்தனையையும் சுமக்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லில் மலையாளம் ஒருபடி தெளிவு. ‘பிரத்தியேகானுமதி ஹர்ஜி தள்ளி’ என்று எழுதும்போது எது தள்ளப்பட்டது என்பதாவது தெரிகிறது. தமிழில் ‘மேல்முறையீடு செய்ய அனுமதி மறுப்பு’ என்று எழுதுவதற்குத் தடையொன்றுமில்லை. நான்கு சொற்கள், அவ்வளவே.

இது சொற்பூசல் அன்று. தண்டனை பெற்றவரின் வீட்டார் ‘உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது’ என்று படிப்பதும், ‘உச்ச நீதிமன்றம் கேட்க முன்வரவில்லை’ என்று படிப்பதும் ஒன்றல்ல. முன்னதைப் படித்தவர் மறுஆய்வு மனுவைப் பற்றியோ, தண்டனைக் குறைப்பு விண்ணப்பத்தைப் பற்றியோ நினையாமல் அமைந்துவிடக்கூடும். ஊராரும் குற்றம் மூன்று நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டது என்றே கொள்வர். மரண தண்டனை வழக்கில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றமே உணர்த்தியது. பாபாசாகேப் மாருதி காம்ப்ளே வழக்கில், மரண தண்டனை தொடர்பான சிறப்பு அனுமதி மனுக்களைக் காரணம் கூறாமல் தொடக்கத்திலேயே மறுக்கலாகாது என்று அது கூறிற்று.

அனுமதி அரிதாகவே கிடைக்கிறது என்பதிலிருந்து மற்றொரு உண்மை பிறக்கிறது. எல்லைப்புறத்துக்கு அதுவே முதன்மையானது. இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துக் கண்ட நிகழ்வுகளை உச்ச நீதிமன்றம் பொதுவாக மறுபடி ஆராய்வதில்லை. ஆகவே முதல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன சொல் எவ்வாறு எழுதப்பட்டதோ, அதுவே பெரும்பாலும் கடைசிவரை நிலைக்கும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, சாட்சி நீதிமன்ற மொழியல்லாத மொழியில் பேசினால் இயன்றவரை அம்மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்றும், இயலாதபோது நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பை உடனுக்குடன் ஆக்க வேண்டும் என்றும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்வேற்பாட்டை மாற்றவில்லை. ‘இயன்றவரை’ என்பதன் அளவை எழுதுவோர் தீர்மானிக்கின்றனர்.

தமிழையும் மலையாளத்தையும் ஒருங்கே பேசும் பகுதியில் மொழிபெயர்ப்பு நடப்பதாகவே யாருக்கும் தோன்றாது. இடர் அங்கேதான். ‘மொழி’ மலையாள நீதிமன்றத்தில் வாக்குமூலம். ‘மரணமொழி’ என்பது இறப்போர் அளித்த வாக்குமூலம். தமிழருக்கு மொழி பாஷை. ‘பிரதி’ மலையாளத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர், தமிழில் நகல். தமிழ்நாட்டுக் குற்றப்பத்திரிகை அவரை ‘எதிரி’ என்று எழுதுவதும் மலையாளிக்கு விந்தையாகவே இருக்கும். ‘விதி’ அங்கே தீர்ப்பு; இங்கே சட்டவிதி, அல்லது தலையெழுத்து. ‘அன்யாயம்’ அங்கே வழக்குத் தொடுப்பவர் கொடுக்கும் மனு, இங்கே அநியாயம். ‘வெறுதே விட்டு’ என்பது மலையாளத்தில் குற்றமற்றவர் எனக் கண்டு விடுவித்தல். தமிழ்க் காதுக்கு ‘சும்மா விட்டுவிட்டார்கள்’ என்றே ஒலிக்கும். ‘மேல்கோடதி விதி’ என்னும் மலையாளத் தொடரைத் தமிழ் மட்டும் அறிந்தவர் ஊகத்தால் அணுகினால் மேல்நீதிமன்றத்தின் தீர்ப்பு, மேல்நீதிமன்றத்துக்கான சட்டவிதி ஆகலாம்.

இவ்வரிசையில் ‘விடுதலை’ தனித்துக் கருதத்தக்கது. குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு, விசாரணைக்கு முன்னரே குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு, சிறையிலிருந்து வெளியேறுதல் ஆகிய மூன்றையும் வழக்குத் தமிழ் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கும். சட்டத்தமிழ் ‘விடுவிப்பு’ என்பதை இரண்டாவதற்கு ஒதுக்க முயன்று ஓரளவே வென்றுள்ளது. 134ஆம் உறுப்பின் உரிமையோ முதற்பொருளையே பற்றி நிற்கிறது. முன்பு விடுதலையானவரா என்னும் கேள்விக்கு வரும் விடை, அவர் அனுமதி கேட்டு நிற்க வேண்டியவரா, உரிமையோடு நுழையக்கூடியவரா என்பதைத் தீர்க்கும்.

தில்லியில் இவை யாவும் ஆங்கிலமாக வேண்டும். அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழும். 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற விதிகள், பிறமொழி ஆவணத்தை இருதரப்பும் ஒப்பிய மொழிபெயர்ப்புடனோ, நீதிமன்றம் நியமித்த அல்லது ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆக்கமாகவோதான் பயன்படுத்தலாம் என்கின்றன. இருதரப்பும் ஒப்பினால் போதும் என்னும் வசதி விரைவுக்கு உதவுகிறது. ஆனால் இரு வழக்குரைஞர்களும் மூலமொழி அறியாதவர்களாயின், ஒப்புதல் மொழிபெயர்ப்பின் செம்மைக்குச் சான்றாகாது. எதிர்த்திசைப் பயணம் பிந்தியே தொடங்கிற்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் மாநில மொழிபெயர்ப்புகள் 2019 ஜூலையில் வெளியாகத் தொடங்கின. முதற்பட்டியலில் தமிழ் இல்லை; எதிர்ப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் அறிமுகமான சுவாஸ் என்னும் மென்பொருள் இப்பணியில் உதவுகிறது. எந்திரம் ‘தள்ளுபடி’ என்பதையே கற்றுக்கொள்ளும். அதற்குக் கொடுக்கப்பட்ட தமிழ் அவ்வாறுதான் உள்ளது.

நகலைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் விரும்பினால் தீர்ப்பின் மொழிபெயர்ப்பை இயன்றால் அவர்தம் மொழியில் தர வேண்டும் என்றது. தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உரியதாயின் அதனை இலவசமாகத் தர வேண்டும் என்றது. ‘மேல்முறையீட்டுக்கு உரியது’ என்னும் சொல்லில்தான் அனுமதி மட்டுமே கேட்கக்கூடிய தீர்ப்பின் நிலை ஐயத்துக்கு இடமாகிறது. 1978இல் ஹோஸ்காட் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சிறையிலிருந்தவர் சிறப்பு அனுமதி மனுவை நான்கு ஆண்டுகளுக்கு மேல் காலந்தாழ்த்தித் தந்திருந்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தம் கைக்கு வரவேயில்லை என்பது அவர் கூற்று. அந்த மனு ஏற்கப்படவில்லை. ஆயினும் நீதிபதி கிருஷ்ணய்யர், சிறைவாசிக்கு நகலைக் காலத்தே இலவசமாகக் கொடுத்தலும், வசதியற்றவருக்கு இலவச வழக்குரைஞரை அளித்தலும் அரசின் கடமை என்று எழுதினார்.

கடல் கடந்த தமிழில் இச்சொற்கள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. இலங்கையில் ‘மேன்முறையீடு’ என்பதே வடிவம். பிரிவி கவுன்சிலைக் கோமறைக் கழகம் என்பர். அங்கே மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்பது ஏறுவரிசை. ஆகவே கொழும்பில் ‘உயர் நீதிமன்றம்’ நாட்டின் உச்சம், சென்னையில் அதற்கு ஒருபடி கீழ். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 128ஆம் உறுப்பின்படி அவ்வுச்சத்துக்குச் செல்லவும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோ உயர் நீதிமன்றத்தின் விசேட அனுமதியோ வேண்டும். யாழ்ப்பாணத்துச் செய்தியைச் சென்னையில் மறுபதிப்புச் செய்வோர் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒரு நீதிமன்றத்தையே மாற்றிவிடக்கூடும். பொழியூரில் இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது இங்கே ஒரே மொழிக்குள் நிகழ்கிறது.

எல்லைப்புறத்து அண்மை நிகழ்வொன்று இக்கேள்விகளை மீண்டும் எழுப்பியது. 2022 அக்டோபரில் பாறசாலைப் பகுதி இளைஞர் ஒருவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் நஞ்சினால் இறந்தார். நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட இடம் கன்னியாகுமரி மாவட்ட எல்லைக்குள் இருந்தது. எந்த மாநிலக் காவல்துறை, எந்த நீதிமன்றம் என்னும் வினா முதலிலேயே எழுந்தது. விசாரணையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுமாறு கேட்ட மனுவை 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது மேல்முறையீடும் அன்று, சிறப்பு அனுமதி மனுவும் அன்று, இடமாற்ற மனு. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அத்தகைய தண்டனை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. அந்த உறுதியாக்கத்துக்குத் தமிழ் இதழியல் பயன்படுத்தும் சொல்லும் ‘தண்டனை உறுதி’ என்பதே. அங்கே அச்சொல் சரி.